சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

ஜூன் 4

அக்கா வந்துவிட்டாள். கடைசிப் பரீட்சை முடிந்து, சேலத்து விடுதியைக் காலி செய்துகொண்டு, இரண்டு பைகளோடும் ஒரு கண்ணாடிப் புட்டியோடும் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். புட்டிக்குள் நீலமாக ஒரு கல். மயில்துத்தத்தை வெந்நீரில் கரைத்து, நூலில் ஒரு பொடிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அது தானாக வளருமாம்.

"பொண்ணு வளத்ததே போதும்னு இருக்கறன், நீ கல்லு வேற வளக்கறியா?" என்றார் அப்பா. கழுத்தைத் திருப்ப முடியாததால், கட்டிலில் முழு உடம்பையும் திருப்பித்தான் அதைப் பார்த்தார்.

மாலையில் கடலை உரித்துக்கொண்டே அக்கா விஷயத்தைச் சொன்னாள். எம்.எஸ்ஸி.க்கு மேலே பி.எச்டி. முதலில் கொஞ்சம் பாடம் இருக்கும், அப்புறம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் அதையே தோண்ட வேண்டும். அதற்கு ஒரு கைடு வேண்டும். 'இவளை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவுக்கு இரண்டு பேர் போடத் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் சென்னையில், படிகங்களை வளர்க்கும் சார். இன்னொருவர் இங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில், லலிதா மேடம். அவர் நம் பக்கத்துக் குடிதண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். ஜூலை முதல் வாரத்துக்குள் யாராவது ஒருவருக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டும்.

"நீ எங்க போவணும்னு நெனைக்கற?" என்று அம்மா கேட்டாள்.

"படிகம்தான்மா. மூணு வருஷமா அதுதான் ஆசை."

அம்மா காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். அக்கா ஒரே மூச்சில் குடித்தாள்.

ஜூன் 5

துணி துவைத்தேன். அக்காவின் விடுதிப் போர்வை மட்டும் இரண்டு முறை அலச வேண்டியதாயிற்று.

ஜூன் 9

பக்கத்து வீட்டு அலமேலு அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அக்கா டாக்டர் ஆகப் போகிறாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ஏங்க டாக்டரம்மா, எனக்கு ரெண்டு நாளா இடுப்பு புடிச்சிக்கிச்சு. இன்னா மாத்தர போடலாம்?"

"அண்ணி, அது வேற டாக்டரு. நான் ஊசி போடமாட்டன்."

"ஊசி போடாத டாக்டரா? அதுக்கு அஞ்சு வருசமா? அத்தே, உங்க பொண்ணு உங்கள ஏமாத்தறா, பாத்துக்கோங்க."

அம்மா சிரித்தாள். பிறகு அவர்கள் இருவரும் எப்போதும் பேசுவதைப் பேசினார்கள்: குழந்தைக்கு என்ன கொடுக்கலாம், எப்போது கொடுக்கலாம். அண்ணிக்கு மாமியார் இல்லை. குழந்தை பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் அம்மாதான். அண்ணிக்குப் பால் போதவில்லை, மாவுப்பால்தான். "தண்ணிய மட்டும் கொதிக்க வெச்சு எறக்கிடாத. பாதியா சுண்டணும். அப்பதான் புள்ள வயித்துக்கு ஒண்ணும் ஆவாது" என்று அம்மா சொன்னாள். "நீங்க சொன்ன மாதிரியேதான் பண்றன் அத்தே" என்றாள் அண்ணி.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான். பேர் வைப்பதற்குள் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அதற்குப் பிறகு பிறந்தவள் நான். அம்மாவுக்கும் பால் இல்லை. அதனால்தான் அம்மா தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு.

ஜூன் 15

லலிதா மேடம் செவ்வாய்க்கிழமை நம் ஊருக்கு வருகிறாராம். ஊர்க்கிணறு, போர் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடிப்பாராம். "இந்த ஊர்ப் பொண்ணு நீ இருக்கும்போது நான் வேற யாரைத் தேடறது?" என்று அக்காவிடம் சொன்னாராம். அக்கா மரியாதைக்காகச் சரி என்றிருக்கிறாள். சென்னை முடிவில் மாற்றமில்லை.

எருமைக்குத் தவிடு வாங்க வேண்டும். முறுக்கு சுட அரிசி ஊறப்போட்டாயிற்று.

ஜூன் 18

மேடம் வந்து போனார். நல்ல மாதிரி. அம்மாவை 'அம்மா' என்றே கூப்பிட்டார்.

அப்பாவிடம் முகவாயை நெஞ்சில் தொடச் சொன்னார். அப்பாவால் முடியவில்லை. "தல குனியாத ஆளுன்னு ஊர்ல எனக்குப் பேரும்மா" என்றார். மேடம் சிரித்தார். அப்புறம் வயது கேட்டார். ஐம்பத்தொன்று என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. வயசானால் வருகிற கழுத்துப்பிடிப்பும் இடுப்புவலியும் இல்லையாம் இது. தண்ணீராம்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். அக்கா வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனாள். "பல்லை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன் ருக்மணி. முகம் வராது" என்றார் மேடம். உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வைத்திருந்தார். அதை மாட்டினால் வாயை மூட முடியாது, எச்சில் வழியும். அக்கா டார்ச் அடித்தாள்.

"இந்தப் பழுப்புக் கறை அழுக்கு இல்லை. நீ எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே ஈறுக்குள்ள நடந்துபோன விஷயம்" என்றார்.

அப்படியென்றால் தேய்த்ததெல்லாம் வீண். உப்பு, கரி, செங்கல்பொடி, எலுமிச்சைத்தோல். சரி, ஈறு இனி வலிக்காது.

அக்காவின் பல்லையும் பார்த்தார். அது வெள்ளையாக இருப்பது ஏன் என்று கேட்டார். அம்மாவும் அப்பாவும் அப்போது ஏற்காட்டில் காப்பித்தோட்ட வேலையில் இருந்தார்கள், அக்கா அங்கேதான் பிறந்தாள், அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் மாமா வீட்டில் இருந்து ஐந்தாவது வரை படித்தாள் என்று அம்மா சொன்னாள். மேடம் தலையாட்டினார். "மலைத்தண்ணி" என்றார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அம்மா சொம்பு நீட்டினாள். மேடத்தின் தோளில் அவருடைய பாட்டில் தொங்கியது. அவர் தயங்கியதைப் பார்த்து அம்மா, "பயப்படாம குடிங்கம்மா, பச்சத்தண்ணி இல்ல. பாதிக்குப் பாதி சுண்டக் காய்ச்சினது. இந்த வீட்டுல எப்பவுமே அப்பிடித்தான்" என்றாள்.

மேடம் மெதுவாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. "காய்ச்சினா கிருமி செத்துடும்மா. ஃப்ளோரைடு சாகாது. பாயசம் சுண்டினா இனிப்பு ஏறுது இல்லையா, அந்த மாதிரி. தண்ணி ஆவியாப் போயிடும், அது மட்டும் அடியில தங்கிடும். பாதியாச் சுண்டினா ரெண்டு மடங்கு."

அம்மா சொம்பைக் கீழே வைக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள்.

"கைக்கொழந்தையில குடுத்திருந்தா?" என்று கேட்டாள்.

மேடம் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

ஜூன் 19

அம்மா காலையில் பானைத் தண்ணீரைப் புளியமரத்தடியில் கொட்டினாள். பானையையும் அங்கேயே கவிழ்த்துவிட்டாள்.

ஜூன் 20

அக்காவிடம் கேட்டேன், உனக்கு முன்பே தெரியுமா என்று.

"ரெண்டாவது வருஷம் படிச்சன். புக்குல ஒரே ஒரு வரி. காய்ச்சறதால போவாது, கூடும்னு." பிறகு சொன்னாள்: "லீவுக்கு வந்தா அம்மா சொம்ப நீட்டும். எப்பிடி பாப்பா சொல்றது? வாங்கிக் குடிச்சிடுவன்."

இன்று ஆற்றுத்தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வந்தது. வாரத்தில் ஒரு நாள் வந்தால் உண்டு. எங்கிருந்தோ குழாயில் வரும் தண்ணீர் என்று அம்மா இதுவரை அதில் பருப்பு மட்டும்தான் வேகவைப்பாள். இன்று எல்லாக் குடங்களிலும் அதையே பிடித்தாள்.

ஜூன் 22

அக்கா அலமேலு அண்ணியிடம் போய்ச் சொன்னாள், குழந்தைக்குப் போர்த்தண்ணீர் வேண்டாம், சுண்டக் காய்ச்சவே வேண்டாம், ஆற்றுத்தண்ணீரை ஒரு கொதி விட்டுக் கொடுத்தால் போதும் என்று. நானும் கூடப் போயிருந்தேன்.

"இன்னா கோமதி இது! அத்தே காய்ச்சுன்னுது. நீ காய்ச்சாதன்ற. ரெண்டும் ஒரே ஊட்டுப் பேச்சு. மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு வாங்க."

"அம்மா வெவரம் தெரியாம சொன்னது அண்ணி."

"ரெண்டு புள்ளய வளத்தவங்களுக்குத் தெரியாதது புக்குல எழுதியிருக்குதா? என் புள்ள நல்லாத்தான் கீறான்." குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அவன் சிரித்தான். இன்னும் பல் வரவில்லை.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது செய்வேன் என்று நினைத்தாளோ என்னவோ. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். எருமைக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது.

ஜூன் 25

அக்கா மாறிவிட்டாள். சென்னை இல்லையாம். லலிதா மேடத்திடம்தான் சேரப் போகிறாளாம். "எங்கியோ ஒரு லேப்ல கல்லு வளத்துட்டு நான் இன்னா பண்ணப்போறன்? இங்க எங்கப்பா கழுத்து திரும்பல." காலையிலிருந்து வீடு வீடாகப் போகிறாள், எத்தனை போர், எத்தனை அடி என்று கேட்கிறாள். சாப்பிடும்போதும் அதே பேச்சு. சிறு வயதில் திருவிழாவுக்குப் போகும்போது இப்படித்தான் இருப்பாள். வாராவாரம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறாள்.

எனக்குச் சந்தோஷம்தான்.

ஜூன் 27

அக்கா குளிக்கப் போயிருந்தபோது அவள் லேப்டாப் திறந்திருந்தது. மேடத்தின் துறையில் பேசிக் காட்ட வேண்டுமாம், அதற்குத் தயார் செய்திருக்கிறாள். நான் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மாவட்டப் படம், கிணறுகள், அப்புறம் திரை முழுக்க ஒரு வாய். மஞ்சளும் பழுப்புமாகக் கோடு கோடாக, நடுவில் குழி விழுந்த பற்கள். அது ஒரு வாய் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

அக்கா வந்து பார்த்துவிட்டாள். "அது நீன்னு யாருக்கும் தெரியாது பாப்பா."

"ம்" என்றேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை பிரேயரில் டீச்சர் நகம், பல் எல்லாம் பார்த்தார். என்னை மட்டும் வரிசையிலிருந்து கூப்பிட்டு, மேடைக்குப் பக்கத்தில் இருந்த குழாயில் பல் துலக்கிவிட்டு வரச் சொன்னார். விரலால் துலக்கினேன். முடித்துவிட்டு வந்து காட்டினேன். மறுபடியும் துலக்கச் சொன்னார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த வருடம்தான் அப்பாவுக்கு இடுப்பு முடியாமல் போனது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால்தான் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன்.

முறுக்கு மாவில் இன்று உப்பு கூடிவிட்டது.

ஜூலை 1

அக்கா கேள்விகளைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சிக்கு வீடு வீடாகக் கேட்க வேண்டியவை. நான் அம்மாவாக இருந்து பதில் சொல்ல வேண்டும் என்றாள். விளையாட்டு மாதிரி.

"குடும்பத்துல எத்தன பேரு? குடிக்கறது எந்தத் தண்ணி? கொழந்தைக்குத் தாய்ப்பாலா, புட்டிப்பாலா? பால் கலக்க எந்தத் தண்ணி? காய்ச்சினதா? எவ்ளோ நேரம் காய்ச்சுவீங்க? யாரு சொல்லிக் காய்ச்சினீங்க?"

கடைசிக் கேள்வியில் நிறுத்திவிட்டாள். வாசலில் அம்மா சுள்ளிக்கட்டோடு நின்றிருந்தாள்.

"நர்சம்மா சொல்லுச்சு" என்றாள் அம்மா. "கொதிக்க வெச்சுக் குடுன்னுதான் சொல்லுச்சு. சுண்ட வெச்சது நான்."

கட்டை இறக்கிவிட்டுப் பின்பக்கம் போனாள். இரவு சாப்பிடவில்லை. மத்தியானமும் சாப்பிடவில்லை என்பது பாத்திரம் கழுவும்போதுதான் தெரிந்தது.

ஜூலை 2

இப்போதெல்லாம் அம்மா யாருக்கும் தன் கையால் தண்ணீர் கொடுப்பதில்லை. இன்று மாடு பார்க்க வந்த தரகர் வெயிலில் நின்றார். "இன்னாம்மா, ஒரு சொம்பு தண்ணிக்குக் கூடப் பஞ்சமா?" என்று கேட்டார். அம்மா காதில் விழாததுபோல் இருந்தாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூலை 3

அக்காவும் நானும் ஏரிக்கரையில் எருமை மேய்த்தோம். கரையில் உட்கார்ந்ததும் அக்கா ஆரம்பித்தாள்.

"இதுல சேந்தன்னா அஞ்சு வருஷம் இதே பேச்சுதான் பாப்பா. அம்மா செஞ்சத நான் புக்கா எழுதணும். மொதல் வீடே நம்ம வீடுதான். அம்மாகிட்ட நான் உக்காந்து கேட்டாவணும். விட்டுட்டு எழுதினா அது ஆராய்ச்சி இல்ல." பிறகு, "ஆனா இதுதான் எனக்கு வேணும். இத்தன நாள்ல இந்த மாதிரி எதுவும் வேணும்னு தோணினதில்ல. நீ சொல்லு. நீ இன்னா சொல்றியோ அதான்" என்றாள்.

என்னிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வேன் என்று நினைத்தேன். ஆனால் உடனே சொல்லிவிட்டேன்.

"மெட்ராசுக்கே போக்கா. அம்மா பாவம்."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். "அம்மாவுக்காகத்தான சொல்ற?"

"பின்ன?"

எருமை அதற்குள் யாருடைய கம்பங்கொல்லையிலோ இறங்கிவிட்டது. ஓட வேண்டியதாயிற்று.

ஜூலை 5

அக்கா சென்னை சாருக்குச் சரி சொல்லிவிட்டாள். லலிதா மேடத்துக்குப் போன் செய்யும்போது வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?" என்று அப்பா கேட்டார்.

"காரணம் கேட்டாங்க. கல்லு புடிக்கும்னு சொன்னன்."

ஜூலை 6

அம்மா சாப்பிட்டாள். நான் சொன்னது சரிதான்.

ஜூலை 29

அக்கா சென்னைக்குப் போனாள். அப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் கம்பு ஊன்றி வந்தார். பஸ் கிளம்பியதும் அது போகும் திசைக்கு அவர் திரும்பி நிற்பதற்குள் அது வளைவைத் தாண்டிவிட்டது.

ஆகஸ்ட் 11

முறுக்கு. எருமை. அப்பாவுக்குத் தைலம்.

அலமேலு அண்ணி வீட்டு அடுப்பில் காலையிலும் மாலையிலும் அந்தச் சின்ன அலுமினியக் குண்டான் ஏறுகிறது. புகை நம் பக்கம்தான் வருகிறது. அம்மா அந்த நேரத்தில் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். நேற்று இரண்டு தரம் வேலி வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள். கேட்டதற்கு, கோழியைத் தேடினேன் என்றாள்.

செப்டம்பர் 14

லலிதா மேடத்திடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆராய்ச்சி மாணவி வந்தாள். பேர் ஷர்மிளா. கோயம்புத்தூர்ப் பக்கம். வெயில் பழக்கமில்லை போலிருக்கிறது, முகமெல்லாம் சிவந்திருந்தது. அக்காவுக்கு இருந்த இடம் இவளுக்குக் கிடைத்திருக்கிறது. அக்கா இருந்திருந்தால் மேடம் இவளை எடுத்திருக்க மாட்டார்.

அம்மா அவளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். நான்தான் கட்டிலில் உட்கார வைத்தேன். அலமேலு அண்ணி வேடிக்கை பார்க்கக் குழந்தையோடு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். "எங்கூட்டுக்கும் வருவீங்களா? என் பேரையும் எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

"அடுத்தது உங்க வீடுதானுங்க" என்றாள் ஷர்மிளா.

அதே கேள்விகள். எனக்கு வரிசைகூடத் தெரிந்திருந்தது. குடும்பத்தில் எத்தனை பேர். எந்தத் தண்ணீர். தாய்ப்பாலா, புட்டிப்பாலா. நான் கீழே பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"பால் கலக்கறதுக்குத் தண்ணியக் காய்ச்சுவாங்களாங்க?"

"இல்லீங்க" என்றேன்.

"காய்ச்சவே மாட்டாங்களா?"

"பச்சத்தண்ணிதான். எங்கம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது."

ஷர்மிளா எழுதப் போனாள். அதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள். முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"அவ பொய் சொல்றா கண்ணு. நான்தான் காய்ச்சினன். பாதியா சுண்ட வெச்சு, ஆத்தி, வடிகட்டி, நேரா நேரத்துக்கு நான்தான் குடுத்தன். எல்லாரும் கொதிக்க வெச்சு எறக்கினாங்க. நான் எறக்கல. ஒண்ணு போயிடிச்சு, இதுவும் போயிடக் கூடாதுன்னு எறக்கல. எழுதிக்கோ."

ஷர்மிளா நிமிர்ந்து பார்த்தாள். பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். அம்மா அவளைப் பார்த்துப் பேசவில்லை. அலமேலு அண்ணியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அலமேலு, இத பாரு. ருக்கு, வாயத் தொற."

நான் திறக்கவில்லை. அம்மா கிட்டே வந்து, முகவாயைப் பிடித்து, கட்டைவிரலால் என் உதட்டைத் தூக்கினாள். நான் தலையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இதுக்குக் குடுத்ததத்தான் உனக்குச் சொன்னன். போய்க் கொட்டிடு."

அண்ணி எழுந்தாள். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "ஆறு மாசமா" என்று மட்டும் சொன்னாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுப் பக்கம் குண்டான் உருளும் சத்தம் கேட்டது.

ஷர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

செப்டம்பர் 19

ஆற்றுத்தண்ணீர் வந்தது. அலமேலு அண்ணி எல்லோருக்கும் முன்னால் வந்து குடம் வைத்திருந்தாள். அம்மா வரிசையில் நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கூடவே இருந்து குழி பறிச்சவங்க" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். அம்மா தன் முறை வந்ததும், அண்ணியின் இன்னொரு குடத்தை நகர்த்தி முதலில் குழாயடியில் வைத்தாள். அண்ணி அது நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 22

அக்கா போன் செய்தாள். லேப்பில் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அம்மா சாப்புடுதா?"

"சாப்புடுது."

"லலிதா மேடம் ஆளு யாராச்சும் வந்தாங்களா அங்க?"

"வந்தாங்க. ஷர்மிளான்னு ஒருத்தங்க."

எப்படிப்பட்டவள், என்ன எடுத்துப்போனாள், போர்த்தண்ணீர் பிடித்தாளா, எந்தெந்த வீட்டுக்குப் போனாள் என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஏரிக்கரைக் கிணற்றில் பிடித்தாளா என்றாள். இல்லை என்றேன். "அதுலதான் அதிகமா இருக்கும், அவளுக்கு யாரு சொல்லுவா" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

பிறகுதான் கேட்டாள். "அம்மாகிட்ட அந்தக் கேள்வியெல்லாம் கேட்டாளா பாப்பா?"

"இல்லக்கா. அம்மா வெளிய வரவே இல்ல. நான்தான் பதில் சொன்னன்."

அக்கா மூச்சு விடுவது கேட்டது. "அப்பாடா. போதும். அது ஒண்ணுக்காகத்தான்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். "சரி, வெக்கறன். சார் கூப்புடறாரு."

அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போனை வைத்ததும் நான் அவளைப் பார்த்தேன். அப்படியே இருக்கட்டும் என்பதுபோல் தலையாட்டினாள்.